உடலைச் சூடேற்றும் சிகிச்சையால் எச்.ஐ.வி. குணமாகுமா?

கேள்வி: தண்டையார்பேட்டை இளையவர்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிய வந்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு செய்து, அங்கே இலவசமாகத் தரும் கூட்டு மாத்திரையை எடுத்து வருகிறார். இரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையைக் கடைசியாகச் செய்தபோது, கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். உடலளவில் அவருக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. குறை மனத்தில்தான் இருக்கிறது. காசிமேட்டில் விசைப்படகில் தொழில் செய்கிறார். கடலுக்குப் போனால் கரை திரும்பச் சில நாட்கள் ஆகும். படகில் உடன் இருப்பவர்களுக்குத் தெரியாமல் தினமும் ஒரு மாத்திரையை விழுங்குவதே அவருக்குப் பெரும் பாரமாக இருக்கிறது.

இந்த நிலையில், எங்கள் பகுதிக்கு அருகே இயங்கும் ஒரு தனியார் நிலையத்தை யாரோ அவருக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். அகச்சிவப்புக் கதிர் அறையில் படுக்க வைத்து உடலின் வெப்பத்தை 42 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துவார்களாம். வைரஸ் சூடு தாங்காமல் செத்துவிடுமாம். இப்படிப் பல அமர்வுகள் முடிந்தால் வாழ்நாள் முழுவதும் மாத்திரையே தேவைப்படாதாம். 1990ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் இதைச் செய்து காட்டினார்கள் என்று பழைய செய்தி ஒன்றின் நகலையும் காட்டியிருக்கிறார்கள். மாத்திரையும் சூடு, சிகிச்சையும் சூடு, இரண்டும் சேர்ந்தால் உடம்பு தாங்காது என்று சொல்லி, சிகிச்சை நடக்கும் வாரங்களில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். முன்பணம் கட்ட அண்ணியின் நகையை அடகு வைப்பது வரை பேச்சு போய்விட்டது.

எனக்குத் தெரிய வேண்டியவை இவைதான். சூட்டினால் எச்.ஐ.வி. வைரஸ் சாகும் என்பது உண்மையா? 1990இல் அமெரிக்காவில் உண்மையில் என்ன நடந்தது? இதைச் சோதனை முறை சிகிச்சை என்று சொல்லிப் பணம் வாங்க அவர்களுக்கு அனுமதி உண்டா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், அண்ணனுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர், பெரம்பூர்

தம்பி, அந்த நிலையத்தார் சொல்வதில் பாதி உண்மை கலந்திருக்கிறது. அண்ணனைப் போன்ற விவரமானவர்களைக்கூட மயங்க வைப்பது அந்தப் பாதி உண்மைதான். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உடலுக்கு வெளியே, ஒரு திரவத்தில் இருக்கும் எச்.ஐ.வி., சூட்டைத் தாங்காத வைரஸ்தான். 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் அதன் தொற்றும் திறன் போய்விடுகிறது என்பதை 1980களின் நடுவிலேயே ஆய்வகங்களில் கண்டார்கள். இரத்தம் உறையாமை நோய் உள்ளவர்களுக்கு ஏற்றப்படும் உறைகாரணிப் பொடியை 1985 வாக்கில் சூடேற்றிக் கொடுக்கத் தொடங்கியதும் இதனால்தான். அதற்கு முன் அந்த மருந்தின் வழியாகவே எத்தனையோ பேர் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். தாய்ப்பால் வங்கிகளில் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பதப்படுத்துகிறார்களே, அதிலும் இந்த வைரஸ் அழிந்துவிடும். ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில் 56 டிகிரி நீர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான் என்பதால், சூட்டின் ஆற்றலை ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் 56 எங்கே, 42 எங்கே? மனித உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி. 40ஐத் தாண்டி மனம் குழம்பினால் அதை வெப்பத்தாக்கு என்கிறோம். கத்திரி வெயிலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் மயங்கி விழுந்து, பிழைக்காமல் போவதும் உண்டு. புற்றுநோய்க்காக உடல் முழுவதையும் சூடேற்றிப் பார்க்கும் ஆய்வுகளில்கூட 42 டிகிரியை ஒட்டியே எல்லை வகுத்திருக்கிறார்கள். அதுவும் மயக்க மருந்து, இதயத் துடிப்புக் கண்காணிப்பு, நரம்பு வழி நீரேற்றம் எல்லாம் இருக்கும் அறுவை அரங்கில்தான் செய்வார்கள். அதற்கு மேல் போனால் மூளையும் கல்லீரலும் முதலில் கெடும். வைரஸை அரை மணியில் அழிக்கும் சூட்டுக்கு உடலைக் கொண்டுபோக நினைத்தால், அந்த இடத்துக்கு வெகு முன்பே மனிதர் இறந்துவிடுவார்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. இரத்தத்தில் மிதந்துகொண்டு மட்டும் இருப்பதில்லை. சி.டி.4 என்னும் வெள்ளையணுக்களுக்குள் புகுந்து, அந்த அணுக்களின் மரபணுவோடு தன் மரபணுவைப் பின்னி இணைத்துவிடுகிறது. அப்படி இணைந்த அணுக்களில் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. நிணநீர்க் கணுக்களிலும் குடல் சுவரிலும் அவை பதுங்கியிருக்கின்றன. கூட்டு மருந்து எடுப்பவர்களின் உடலிலும் இந்த உறங்கும் இருப்பு அப்படியே இருக்கிறது என்பதை 1997ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகள் உறுதி செய்தன. உறங்கும் அந்த அணுவில் வைரஸ் என்று தனியாக ஒரு பொருளே இல்லை. இருப்பது மரபணுவில் எழுதப்பட்ட சில வரிகள் மட்டுமே. வீட்டுக்குள் ஒளிந்திருப்பவனைப் பிடிக்கத் தெருவில் தீ மூட்டுவது போன்றதுதான் இந்தச் சிகிச்சை. அந்த அணு உயிரோடு இருக்கும் அளவுக்கு மிதமான எந்தச் சூடும் அதன் மரபணுவில் எழுதியதை அழிக்காது.

இனி 1990. அந்தச் செய்தி பொய்யன்று. அட்லாண்டா நகரில் வில்லியம் லோகன், கென்னத் அலோன்சோ என்ற இரு மருத்துவர்கள், எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துக் குழாய் வழியே சூடேற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தி, உடல் முழுவதன் வெப்பத்தையும் உயர்த்தினார்கள். தொலைக்காட்சிகள் அதைக் கொண்டாடின. சாவை எதிர்நோக்கியிருந்த ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிய காலம் அது. அப்போது நல்ல மருந்து எதுவும் இருக்கவில்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க அரசின் ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய்களுக்கான தேசிய நிறுவனம் தன் வல்லுநர்களை அனுப்பி அந்தச் சிகிச்சையை அதே ஆண்டில் ஆராய்ந்தது. பயன் கிடைத்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. செய்தியின் முதல் பாதியை நகலெடுத்தவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகும் சிலர் முயன்றார்கள். கபோசி சர்கோமா என்ற தோல் கட்டி உள்ள எய்ட்ஸ் நோயாளிகளிடம் செய்த ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு 1996இல் வெளிவந்தது. அதே 1996இல், கனடாவின் வான்கூவர் மாநாட்டில், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்குகிறது என்ற முடிவுகள் அறிவிக்கப்பட்டன. மரணப் படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். உங்கள் அண்ணன் இன்று விசைப்படகில் வலை இழுப்பது அந்த இரண்டாவது பாதையின் பயன்.

பதில்: திருவொற்றியூர் வாசகர்

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் எல்லாவற்றையும் ஏமாற்று என்று தள்ளிவிடுவது சரியா என்று கேட்கத் தோன்றுகிறது. காய்ச்சல் என்பதே கிருமியை எதிர்க்க உடல் எடுக்கும் ஆயுதம்தானே? பெனிசிலின் வருவதற்கு முன், மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோயாளிகளுக்கு வியன்னாவில் மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றிக் காய்ச்சல் வரவழைத்துக் குணப்படுத்தினார் யூலியஸ் வாக்னர்-யௌரெக். 1917இல் தொடங்கிய அந்த முறைக்காக 1927இல் அவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். இன்னொன்றும் படித்தேன். உறங்கும் வைரஸை முதலில் எழுப்பி, பிறகு அழிப்பது என்று ஒரு வழியை விஞ்ஞானிகளே இன்று தேடுகிறார்கள். சூடு அந்த வைரஸை எழுப்பும் என்றால், அதுவே பாதி வேலையை முடித்துவிடாதா? குணமாக வேண்டும் என்று ஏங்குகிறவரிடம் முடியாது, முடியாது என்று மட்டும் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர், பெரம்பூர்

நல்ல கேள்வி, இதை யாராவது கேட்க வேண்டும் என்றே இருந்தேன்.

சிபிலிஸை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. அது அதிகச் சூட்டைத் தாங்காத கிருமி. அந்தச் சிகிச்சையிலும் மலேரியாவினால் இறந்தவர்கள் உண்டு. வேறு வழியே இல்லாத காலத்தில் அந்த ஆபத்தை ஏற்றார்கள். பெனிசிலின் வந்ததும் கைவிட்டார்கள். இதை எச்.ஐ.வி.க்கும் பொருத்திப் பார்த்தவர் ஒருவர் உண்டு. தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டால் வயிற்றை அழுத்தி வெளியேற்றும் முதலுதவிக்குப் பெயர் பெற்ற ஹென்றி ஹைம்லிக்தான் அவர். 1990களில் சீனாவில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு மலேரியாவை ஏற்றும் ஆய்வுகளுக்கு அவர் ஊக்கம் கொடுத்தார்; மருத்துவ அறம் பேசுவோர் அதை வன்மையாகக் கண்டித்தார்கள். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வோ, எச்.ஐ.வி. உள்ளவருக்கு மலேரியா வந்தால் அந்தக் காலத்தில் இரத்தத்தில் வைரஸின் அளவு கூடுகிறது என்று காட்டியது. காய்ச்சல் இந்த வைரஸை அடக்கவில்லை, வளரவிட்டது.

ஏன் என்பதற்குப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் செய்து 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் விடை கிடைக்கிறது. சி.டி.4 அணுக்களை 39.5 டிகிரியில், அதாவது கடுங்காய்ச்சல் அளவில் வைத்தபோது, எச்.ஐ.வி. 37 டிகிரியில் இருப்பதைவிட வேகமாகப் பெருகியது. சூடு ஏறும்போது அணுக்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் சில வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றில் ஒன்றை வைரஸ் தன் பெருக்கத்துக்குத் துணையாக்கிக்கொள்கிறது. உறங்கும் அணுக்களிலிருந்து வைரஸ் விழித்து வெளிவருவதும் கூடியது.

நீங்கள் சொன்ன எழுப்பி அழிக்கும் வழிக்கு வருகிறேன். ஆம், பல நாடுகளில் அதை முயல்கிறார்கள். சூட்டினால் அன்று, வோரினோஸ்டாட் போன்ற மருந்துகளால். வைரஸை எழுப்ப முடிகிறது என்று 2012இலேயே காட்டினார்கள். ஆனால் எழுப்பினால் மட்டும் அது அழிவதில்லை. பிரிட்டனில் அந்த மருந்தோடு தடுப்பூசியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ரிவர் ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. உறங்கும் இருப்பு குறையவில்லை. இதில் நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. அந்த ஆய்வுகளில் விழித்தெழும் வைரஸ் புதிய அணுக்களைப் பிடித்துவிடாதபடி கூட்டு மருந்தை நிறுத்தாமலே கொடுத்தார்கள். நம் பகுதி நிலையம் செய்வதோ நேர் எதிர்: வைரஸை எழுப்பக்கூடிய சூட்டையும் கொடுத்து, அதைத் தடுக்கும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறது. இதைவிடக் கேடான சேர்க்கையை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

பதில்: வியாசர்பாடி தோழி

தம்பி, நானும் எச்.ஐ.வி.யோடு வாழ்பவள்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலா அவர்களும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது இந்தச் சென்னையில்தான். அதற்குப் பிறகு இந்நகரம் பார்க்காத குணமாக்கும் மருந்து இல்லை. லேகியம் விற்றார்கள், ஊசி போட்டார்கள், இப்போது சூட்டு அறை வந்திருக்கிறது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்குவதற்கு முன், மருந்து வாங்க வழியில்லாமல் அந்த லேகியங்களை நம்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல என் மனம் இடம் கொடாது. இன்று மருந்து கையில் இருக்கும்போது அதை நிறுத்தச் சொல்கிறார்களே, அவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மருந்தை இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது ஊகமாகச் சொல்லும் விஷயமன்று. 33 நாடுகளில் 5,472 பேரைச் சேர்த்து நடத்திய ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது மீண்டும் தொடங்கியவர்களுக்கு, தொடர்ந்து எடுத்தவர்களைவிட, எதிர்ப்புச் சக்தி குறையும்போது தாக்கும் சந்தர்ப்பவாத நோயோ மரணமோ நேரும் ஆபத்து இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. மருத்துவர்கள் கண்காணித்துக்கொண்டே நிறுத்தியபோதே இந்த நிலை. அண்ணனுக்குக் கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தொற்றும் இருக்குமானால் ஆபத்து இன்னும் அதிகம். ஏனென்றால், நாம் எடுக்கும் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் அந்த வைரஸையும் சேர்த்தே அடக்கிவைக்கின்றன. திடீரென நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். டெனோஃபோவிர் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகத்தின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும் என்று மையத்தில் கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை பார்க்கிறார்கள் அல்லவா? உடலை வேக வைத்து நீரெல்லாம் வியர்வையாய் வெளியேறினால் அந்தச் சிறுநீரகம்தான் முதலில் அடிபடும்.

மாத்திரை சூடு என்ற பேச்சை எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். வயிற்றைப் புரட்டுவது, தூக்கம் கெடுவது போன்ற தொந்தரவுகளையே நம் வீடுகளில் அப்படிச் சொல்கிறார்கள். அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லலாம், மருந்தை மாற்றியும் கேட்கலாம். சூட்டு அறைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு வைத்தியம் பேசுவது நம் நம்பிக்கையை நம்மேலேயே திருப்புவதாகும்.

அண்ணனின் உண்மையான துன்பம் படகில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேசுவோம். கடலுக்குப் போவதை மறைக்காமல் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லச் சொல்லுங்கள். நிலையாக இருப்பவர்களுக்கு ஒரே முறையில் பல மாதங்களுக்கான மருந்தைக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. மாத்திரையை அது வந்த புட்டியிலேயே, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்திருப்பது நல்லது. எஞ்சின் அறைக்கு அருகில் வைக்க வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் போகாத நிழலான இடம் வேண்டும் என்று புட்டியிலேயே போட்டிருக்கும். புட்டியின் மேலிருக்கும் ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு வைட்டமின் என்று சொல்லி விழுங்குகிற எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் ஒரே நேரம் என்பதை வலை இழுக்கும் நேரத்தோடு மோதாத ஒரு பொழுதாக அவரே தேர்ந்துகொள்ளலாம். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவின் மூலம் துணைவருக்கு அது பரவாது என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள். அந்த நிம்மதியை அவருக்குக் கொடுத்தது அவர் பாரம் என்று நினைக்கும் அந்த மாத்திரைதான்.

பதில்: கொருக்குப்பேட்டை செவிலியர்

வெப்பத்தால் செய்யும் எல்லாச் சிகிச்சையையும் கண்டு யாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கு உண்மையிலேயே பயன்படும் வெப்பச் சிகிச்சைகள் இருக்கின்றன. அவை உடல் முழுவதையும் சூடேற்றுவதில்லை, எச்.ஐ.வி.யை அழிப்பதாகவும் சொல்வதில்லை. தொற்றினால் எளிதில் வரும் வேறு கோளாறுகளை, அவை இருக்கும் இடத்திலேயே சுட்டுப் போக்குகின்றன.

இவற்றில் முதன்மையானது பெண்களுக்கானது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 25 வயதிலிருந்தே, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையிலேயே கண்டுபிடித்தால், தகுதியானவர்களுக்கு 100 டிகிரி அளவுக்குச் சூடான சிறு கருவியின் நுனியை அந்த இடத்தில் 20 முதல் 30 விநாடிகள் வரை வைத்து, கெட்ட திசுவைச் சுட்டுவிடுகிறார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கெனத் தனி வழிகாட்டியே வெளியிட்டது. அறுவை அரங்கோ பெரிய மயக்க மருந்தோ தேவையில்லை. அன்றே வீட்டுக்குப் போகலாம். ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வர வேண்டும் என்பதைத்தான் பெண்கள் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை வாங்க ஒழுங்காக வரும் அக்காமார்கள்கூட இந்தப் பரிசோதனை என்றால் அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஆசனவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் உள்ளவர்களுக்கு மின்சூட்டுக் கருவியால் அதைச் சுட்டு நீக்கினால் புற்றுநோயாக முற்றுவது பாதிக்கும் மேல் குறைகிறது என்பதை அமெரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரிடம் செய்த ஆங்கர் ஆய்வு 2022இல் காட்டியது. உள்ளங்கால் மருவை 44 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துக் கரைக்கும் முறையைச் சீனாவில், சிகிச்சை போலக் காட்டும் வெற்றுச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். அது பொதுவான நோயாளிகளுக்கானது.

பணம் வாங்க அனுமதி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். மனிதர்களிடம் நடத்தும் மருந்துப் பரிசோதனைகளை இந்தியாவில் சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2009 ஜூன் முதல் இருக்கிறது. கருவிகளையும் பிற சிகிச்சை முறைகளையும் சோதிப்போரும் அங்கேதான் பதிவு செய்கிறார்கள். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆய்வு என்றால் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் எழுத்து வடிவ ஒப்புதல் படிவம் வேண்டும். ஆய்வுக்காகச் செய்யும் எதற்கும் பங்கேற்பவரிடம் காசு வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறை. முன்பணம் கேட்கும் இடத்தில் நடப்பது ஆய்வே அன்று. எய்ட்ஸைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்று மருந்துச் சட்ட விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும், விவரம் அறிந்த ஒப்புதல் இல்லாமல் தொற்றுள்ளோரிடம் ஆய்வு செய்யக் கூடாது என்கிறது. பதிவு எண்ணையும் அறநெறிக் குழுவின் கடிதத்தையும் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

தண்டையார்பேட்டை இளையவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பதில்களை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதல் அமர்வுக்கு ஏற்கெனவே போய்வந்ததாகவும் அன்றிலிருந்து மாத்திரையை எடுக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அன்று தலை சுற்றி, வாந்தி எடுத்து, மறுநாளும் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். எங்களிடம் வெயில் என்று சொல்லிவிட்டார். இப்போது மீண்டும் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று அவருக்கே தோன்றுகிறது. ஆனால் மையத்துக்குப் போனால் திட்டுவார்கள், பெயரை நீக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். விட்ட நாட்களுக்கும் சேர்த்து இரண்டிரண்டாக எடுக்கலாமா? செவிலியர் அக்கா சொன்ன பரிசோதனைக்கு அண்ணியும் போக வேண்டுமா? அண்ணிக்குத் தொற்று இல்லை என்று முன்பு பார்த்தபோது சொன்னார்கள்.

பதில்: வியாசர்பாடி தோழி

இரண்டிரண்டாக எடுக்கவே வேண்டாம். இன்று வழக்கமான நேரத்துக்கு வழக்கமான ஒரு மாத்திரை. நாளையே மையத்துக்குப் போய்விடச் சொல்லுங்கள். விட்ட நாட்களைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், சூட்டு அறைக்குப் போனதையும் மறைக்க வேண்டாம். வாந்தியும் தலைச்சுற்றலும் இருந்ததால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பார்க்க இரத்தம் எடுக்கச் சொல்லி அவரே கேட்கலாம். அடுத்த வைரல் லோடு பரிசோதனையை எப்போது செய்வது என்பதையும் அங்கேயே முடிவு செய்வார்கள். அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 வைரஸ் நகல்களுக்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்றிவிட மாட்டார்கள். சில மாதங்கள் ஆலோசனையோடு மாத்திரையைச் சரியாக எடுக்க வைத்து, மறுபடியும் பார்ப்பார்கள். அவர் எடுப்பது டோலூடெக்ராவிர் உள்ள மாத்திரை என்றால், அது வைரஸ் எளிதில் பழகி எதிர்த்து நிற்க இடம் கொடுக்கும் மருந்தன்று என்பது ஓர் ஆறுதல்.

பெயரை நீக்கிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். மருந்தை விட்டவர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப அழைத்து வருவதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். திட்டு விழுந்தால் விழட்டும். அதோடு மாத்திரையும் கையில் வந்துவிடும். தனியாகப் போகத் தயங்கினால் நீங்கள் உடன் போங்கள். ஆலோசகரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து, படகில் நடப்பதை அவர் வாயாலேயே சொல்லவிடுங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்தில் அண்ணி மீண்டும் ஒரு முறை எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாத்திரை விட்டுப்போன நாட்களை மனத்தில் வைத்து, மறுபரிசோதனைக்கு எப்போது வருவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும். அண்ணனின் வைரஸ் அளவு மறுபடியும் கண்டறிய முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்று தெரியும்வரை ஆணுறை அவசியம். கருப்பைவாய்ப் பரிசோதனை தொற்று இல்லாத பெண்களுக்கும் உண்டு, அவர்களுக்கு 30 வயதிலிருந்து. அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். நகையை இன்னும் அடகு வைக்கவில்லை என்றே நம்புகிறேன். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும், அவர்கள் கொடுத்த அச்சிட்ட தாள்களையும் கிழித்துப் போடாமல் எடுத்து வையுங்கள். புகார் எழுத உட்காரும்போது நானும் உங்களோடு இருக்கிறேன்.